பிரம்மாண்டமும் உன்னதமும் ஒன்றா?

கேள்வி இதுதான்: பெரிய மலை, கடல், தஞ்சைப் பெரிய கோயில் போன்றவற்றைப் பார்க்கும்போது வரும் உணர்வைச் சிலர் உன்னதம் என்கிறார்கள், சிலர் பிரம்மாண்டம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? உன்னதம் என்றால் சரியாக என்ன?

ஒன்றில்லை என்பது என் பதில். பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன, அவ்வளவுதான். பிரம்மாண்டம் பொருளில் இருக்கிறது. உயரம், பரப்பு, எடை, செலவு, ஆள்பலம் என்று அதற்குக் கணக்கு சொல்லலாம். 216 அடி என்பது 100 அடியைவிடப் பெரிது. அதில் சண்டைக்கு இடமில்லை. உன்னதத்துக்கு அப்படிக் கணக்குக் காட்ட முடியாது. ஒன்றைப் பார்க்கிறோம், அல்லது படிக்கிறோம். அதுவரை கையில் இருந்த அளவுகோல் சட்டென்று உதவாமல் போகிறது. நாம் ஒன்றுமே இல்லை என்று ஒரு கணம் ஆகிவிடுகிறது. அதே கணத்தில் உள்ளே ஏதோ விரிகிறது. இந்த இரண்டும் நடந்தால்தான் உன்னதம். முதல் பாதி மட்டும் நடந்தால் அது மலைப்பு. பிரம்மாண்டம் அதைத் தாராளமாகத் தரும்.

இதை முதலில் பிரித்துக் காட்டியவர் பெயர் உறுதியாகத் தெரியாத ஒரு கிரேக்க ஆசிரியர். லாங்கினஸ் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. அவர் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பெரும்பாலோர் கருத்து. உன்னதம் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தொலைந்துவிட்டது. 1674-இல் பிரெஞ்சுக் கவிஞர் புவாலோ அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் ஐரோப்பா முழுக்க அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதில் ஓர் இடத்தில் இருக்கிறது. பேச்சாளர்கள் ஒரு விஷயத்தை அடுக்கி அடுக்கிப் பெரிதாக்குவதுண்டு. அந்த வித்தைக்கு எப்போதும் எண்ணிக்கையும் ஏராளமும் தேவை என்கிறார் அவர். உன்னதத்துக்கு அது வேண்டாம். பல நேரம் ஒரே ஓர் எண்ணத்தில் முழுசாக இருந்துவிடும்.

அவர் காட்டும் உதாரணங்கள் இரண்டு எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று, யூதர்களின் வேதத்தின் தொடக்கம். தேவன் வெளிச்சம் உண்டாகக்கடவது என்றார், வெளிச்சம் உண்டாயிற்று. ஒரு பிரபஞ்சம் பிறக்கும் இடம் அது. பக்கம் பக்கமாக வர்ணிக்க எல்லா வசதியும் இருந்தும் ஒரே வரி. சொல்லுக்கும் நிகழ்வுக்கும் நடுவே இடைவெளியே இல்லை என்பதை அந்த வரியின் குறுக்கமே காட்டிவிடுகிறது. இன்னொன்று ஹோமரின் ஒடிசியில் வருவது. இறந்தவர்களின் உலகத்துக்குப் போன ஒடிசியஸ் அங்கே அஜாக்ஸைப் பார்க்கிறான். அக்கிலீஸின் கவசம் யாருக்கு என்ற போட்டியில் தோற்று, அந்த அவமானத்தில் செத்தவன் அஜாக்ஸ். ஜெயித்தவன் ஒடிசியஸ். அவன் கெஞ்சுவதுபோலப் பேசுகிறான், சமாதானம் சொல்கிறான். அஜாக்ஸ் பதிலே பேசாமல் திரும்பி நடந்துவிடுகிறான். அந்த மௌனம் எந்தப் பேச்சையும்விட உன்னதமானது என்கிறார் லாங்கினஸ். மௌனத்துக்கு நீளம் ஏது, அகலம் ஏது?

நமக்கு இதைவிடப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. கம்பராமாயணத்தில் இராமனும் இராவணனும் மோதும் முதல் நாள் போர். பிரம்மாண்டத்தையும் உன்னதத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இராவணனைப் போலப் பிரம்மாண்டமான பாத்திரம் கம்பனில் வேறு கிடையாது. பத்துத் தலை, இருபது தோள், கயிலையைப் பெயர்த்த கை, பொன்னகரம், கடல் போன்ற சேனை. கம்பன் இதில் எதையும் குறைக்கவில்லை. ரசித்து ரசித்து எழுதுகிறான். அந்த முதல் நாள் போரின் முடிவில் இராவணனிடம் தேர் இல்லை, ஆயுதம் இல்லை, மகுடங்களும் விழுந்துவிட்டன. தலை குனிந்து நிற்கிறான். எய்துவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். இராமன் எய்யவில்லை. கம்பன் பாடுகிறான்:

ஆளையா! உனக்கு அமைந்தன மாருதம் அறைந்த
பூளை ஆயின கண்டனை. இன்று போய், போர்க்கு
நாளை வா என நல்கினன் - நாகு இளங் கமுகின்
வாளை தாவுறு கோசல நாடுடை வள்ளல்.

உன் படையெல்லாம் காற்றில் அடிபட்ட பூளைப்பூ ஆகிவிட்டதைப் பார்த்தாயல்லவா, இன்று போ, போருக்கு நாளை வா. இதில் சத்தம் இல்லை, சவால் இல்லை. ‘சொன்னான்’ என்றுகூடக் கம்பன் போடவில்லை, ‘நல்கினன்’ என்கிறான். கொடுத்தான். கடைசியில் ‘வள்ளல்’ என்று முடிக்கிறான். போர்க்களத்தில் வீரன் என்றோ வில்லாளி என்றோ சொல்லவேண்டிய இடம். அங்கே வள்ளல் என்ற சொல் வந்து உட்காருகிறது. எதிரிக்கு ஓர் இரவைத் தானம் கொடுத்தவன் அவன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரத்தமும் பிணமுமாகக் கிடக்கும் களத்தின் நடுவில், இளம் பாக்குமரத்தின் மேல் வாளைமீன் துள்ளிப் பாய்கிற கோசல நாட்டு வயல்வெளி ஏன் வருகிறது? அலங்காரத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீன்கூட மரமேறித் துள்ளும் அளவுக்கு வளம் நிறைந்த இடத்திலிருந்து வந்தவனுக்கு, கொடுப்பது ஒரு முயற்சியே இல்லை. வென்ற கணத்தில் எதிரியை விட்டுவிடுகிற செயலை, தன் ஊரில் மீன் துள்ளுவதைப் போல இயல்பாக அவன் செய்துவிடுகிறான். அந்த இயல்புதான் நம்மை அடித்து வீழ்த்துகிறது. நம்மால் முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறோம், முடியாது என்று தெரிகிறது. ஆனாலும் சிறுமைப்பட்டதாகத் தோன்றுவதில்லை. மனிதனுக்கு இது சாத்தியமா என்ற வியப்பில் நெஞ்சு நிமிர்கிறது. உன்னதமான ஒன்றைக் கேட்கும்போது, அதை நாமே உண்டாக்கியதுபோன்ற மகிழ்ச்சியும் பெருமையும் நமக்குள் நிறைகின்றன என்று லாங்கினஸ் சொன்னது இதைத்தான்.

அடுத்த படலத்தின் முதல் பாட்டு இராவணனுடையது. யானைகளோடு மோதிய மார்பு, மலையை எடுத்த தோள், நாரதர் ஏற்கும்படி இசைத்த நாக்கு, பத்து மகுடங்கள், சங்கரன் கொடுத்த வாள், வீரம் எல்லாவற்றையும் களத்தில் போட்டுவிட்டு ‘வெறுங்கையோடு இலங்கை புக்கான்’. மார்பும் தோளும் நாக்கும் அவன் உடம்போடுதானே போயின, எப்படிப் போட்டுவிட்டுப் போனான்? அவற்றின் பெருமையைப் போட்டுவிட்டுப் போனான். பிரம்மாண்டத்தின் முழுப் பட்டியலையும் கம்பன் ஒரே பாட்டில் வாசித்து, அத்தனையையும் களத்தில் கிடத்திவிட்டான்.

அதோடு விடவில்லை. தொடர்ந்து வரும் ஒரு பாட்டில் இராவணன் நகருக்குள் நடக்கிறான். திசைகளைப் பார்க்கவில்லை, வளமான நகரைப் பார்க்கவில்லை, எதிரே வந்த மக்களைப் பார்க்கவில்லை, கடல் போன்ற சேனையைப் பார்க்கவில்லை. பெண்கள் தனித்தனியே அவனைப் பார்க்க, அவன் பூமி என்ற நங்கையை மட்டுமே பார்த்துக்கொண்டு போகிறான். பத்துத் தலைகளும் தரையைப் பார்க்கின்றன. இலங்கையின் பொன்னும் சேனையும் அன்று காலை இருந்தபடியே இருக்கின்றன. பார்க்க ஆள்தான் இல்லை. கயிலையைத் தூக்கியபோது இராவணன் பிரம்மாண்டமாக இருந்தான். உன்னதத்தின் பக்கத்தில் அவன் வருவது, என் வாசிப்பில், இந்தத் தலைகுனிந்த நடையில்தான். அஜாக்ஸின் மௌனத்துக்கு உறவுக்காரன் போல இருக்கிறான். வானும் மண்ணும் சிரிக்குமே என்பது அவன் கவலை இல்லை, சானகி சிரிப்பாளே என்பதுதான் என்று கம்பன் தொடர்ந்து சொல்லும்போது நாம் மீண்டும் மனிதச் சோகத்துக்குள் வந்துவிடுகிறோம்.

சரி, இலக்கியத்தில் இது பொருந்துகிறது. மலை, கடல், கட்டடம் என்று வரும்போது? அங்கே அளவு முக்கியமில்லையா?

முக்கியம்தான். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பேச்சே இயற்கையின் பக்கம் திரும்பிவிட்டது. அதற்குச் சற்று முன்பே, 1688-இல், ஆல்ப்ஸ் மலையைக் கடந்த ஆங்கில விமர்சகர் ஜான் டென்னிஸ், பாதாளத்தின் விளிம்பில் நடந்தபோது இன்பமான திகிலும் பயங்கரமான மகிழ்ச்சியும் சேர்ந்து வந்ததாக எழுதினார். இந்த முரணைத்தான் 1757-இல் எட்மண்ட் பர்க் தன் நூலில் விரிவாக எடுத்துக்கொண்டார். அச்சம்தான் உன்னதத்தின் வேர் என்றார் அவர். ஆபத்து நம்மை நெருக்கினால் அது வெறும் பயம். கொஞ்சம் தள்ளி நின்றால் அதே அச்சம் ஒருவித இன்பமாக மாறுகிறது. கரையில் நின்று புயல்கடலைப் பார்ப்பதற்கும் படகில் மாட்டிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம். இருட்டு, தெளிவின்மை, வெறுமை, முடிவின்மை இவையெல்லாம் உன்னதத்துக்கு உதவும் என்றும், முழுக்கத் தெளிவாகத் தெரிந்துவிட்ட ஒன்று நம்மை அந்த அளவுக்கு ஆட்டிவைக்காது என்றும் அவர் சொன்னது இன்றும் சரியாகத்தான் இருக்கிறது.

கட்டடங்களுக்கு அளவு வேண்டும் என்பதையும் பர்க் ஒப்புக்கொள்கிறார். ஆனால் உடனே, வெறும் பரிமாணத்தால் மட்டும் பெரிதாக இருக்கும் திட்டங்கள் தாழ்ந்த கற்பனையின் அடையாளம் என்று கடுமையாகச் சொல்கிறார். இதற்கு ஒரு சாட்சி இன்று ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் நிற்கிறது. அந்த நாட்டின் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1984-இல் தொடங்கிய மாளிகை அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள். உலகிலேயே மிக எடைமிக்க கட்டடம் என்று கின்னஸ் பதிவில் இருக்கிறது. அதற்காகப் பழைய நகரத்தின் ஒரு பகுதியையே இடித்தார்கள். பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். 1989 டிசம்பரில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டபோது கட்டடம் முடிந்திருக்கவில்லை. அதன் பளிங்கையும் சரவிளக்குகளையும் பற்றி எத்தனை எண்கள் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த எண்கள் ஒவ்வொன்றும் பார்ப்பவனிடம் சொல்வது ஒன்றே: நீ சின்னவன். சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. சர்வாதிகாரிகளுக்குப் பிரம்மாண்டம் இவ்வளவு பிடிப்பதற்குக் காரணமும் அதுதான். அவர்களுக்குத் தேவை முதல் பாதி மட்டும்.

இரண்டாம் பாதியைப் பற்றி மிக ஆழமாக யோசித்தவர் ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட். கோனிக்ஸ்பர்க் நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி வாழ்நாளில் போகாதவர், ஆல்ப்ஸைக் கண்ணால் பார்க்காதவர். அவர் 1790-இல் எழுதியது: உன்னதம் பொருளில் இல்லை, பார்ப்பவனின் மனத்தில் இருக்கிறது. மிகப் பெரிய ஒன்றைக் கண்ணும் கற்பனையும் முழுசாகப் பிடிக்கப் பார்த்துத் தோற்கின்றன. தோற்கும்போதே, ‘முழுமை’ என்ற ஒன்றை, ‘முடிவின்மை’ என்ற ஒன்றை நினைத்துப் பார்க்கக்கூடிய சக்தி நம்மிடம் இருக்கிறது என்பது நமக்குத் தெரிய வருகிறது. புயலும் எரிமலையும் நம் உடம்பை ஒரு நொடியில் அழித்துவிடும். ஆனால் எது சரி என்று தீர்மானிக்கும் நம் மனத்தை அவற்றால் தொட முடியாது. அந்த உணர்வுதான் உன்னதம் என்றார்.

எகிப்துக்குப் போய்வந்த சவாரி என்பவரின் ஒரு குறிப்பையும் காண்ட் எடுத்துப் பேசுகிறார். பிரமிடின் பெருமை தெரிய வேண்டுமென்றால் ரொம்பக் கிட்டேயும் போகக்கூடாது, ரொம்பத் தூரத்திலும் நிற்கக்கூடாது. தூரத்தில் நின்றால் கற்கள் மங்கிவிடும். கிட்டே போனால், கண் அடியிலிருந்து உச்சிக்கு ஏறுவதற்குள் முதலில் பார்த்தது நழுவிவிடும். தஞ்சையில் இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். இராஜராஜன் 1010-இல் முடித்த விமானம். இரண்டாம் கோபுரத்தைத் தாண்டி உள்ளே வரும்போது முழு விமானமும் ஒரே பார்வைக்குள் அடங்கும். நடந்து அடிவாரத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள், அடுக்கு அடுக்காக ஏறிப்போகும் கண் எங்கேயோ கணக்கைத் தவறவிட்டுவிடும்.

நாம் அந்தக் கோயிலுக்குப் போனால் செய்வது என்ன? நிழல் தரையில் விழாது என்கிறோம். விழும், வெயில் நேரத்தில் நின்று பார்த்தாலே தெரியும். உச்சியில் 80 டன் ஒற்றைக்கல் என்கிறோம். எந்த ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்று கதை சொல்கிறோம். பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். இவையெல்லாம் சாதனைப் பட்டியல், பிரம்மாண்டத்தின் மொழி. அந்தக் கல்லடுக்குகள் குறுகிக் குறுகி ஒரு புள்ளியை நோக்கிப் போகும்போது கண்ணுக்குள் நடப்பதை யாரும் பிள்ளைகளிடம் கேட்பதில்லை. இவ்வளவு பெரிய விமானத்தின் உட்புறம் வெற்றிடம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கருவறைக்கு மேலே கல்லால் சூழப்பட்ட வெறும் வெளி உயர்ந்துகொண்டே போகிறது. வெளியிலிருந்து பார்க்கும் எடை முழுவதும் உள்ளே ஒரு வெறுமையைச் சுற்றி நிற்கிறது என்று தெரிந்த பிறகு அந்த விமானத்தை முன்புபோலப் பார்க்க முடியாது. அடிக்கணக்கு எனக்கு மறந்துபோனாலும் அது மறக்காது.

சிதம்பரத்தில் இந்த வெறுமைக்குத் தனிச் சந்நிதியே இருக்கிறது. பொன் வேய்ந்த கூரை, நான்கு பெரிய கோபுரங்கள், தீபாராதனை எல்லாம் பிரம்மாண்டத்துக்குப் பஞ்சமில்லாதவை. ஆனால் ரகசியம் என்று திரையை விலக்கிக் காட்டும் இடத்தில் உருவம் எதுவும் கிடையாது. வெட்டவெளியில் தொங்கும் பொன் வில்வ இலைகள் மட்டும். உருவம் செய்யக்கூடாது என்ற யூதக் கட்டளையைவிட உன்னதமான வாசகம் அவர்களுடைய சட்டத்தில் வேறு இல்லை என்று காண்ட் எழுதினார். தில்லையின் திரையைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

காண்ட் மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. அவர் கணக்கில் கடைசியில் ஜெயிப்பது நம் அறிவு. இயற்கை பெரிது, ஆனால் நான் அதைவிட உயர்ந்தவன் என்று முடிகிறது. உன்னதத்தின் எல்லா அனுபவமும் அப்படி முடிவதில்லை. இதற்கு நான் கொண்டுவரும் சாட்சி மாணிக்கவாசகர். திருவாசகத்தின் திருவண்டப் பகுதி இப்படித் தொடங்குகிறது:

அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்
அளப்பருந் தன்மை வளப்பெருங் காட்சி
ஒன்றனுக் கொன்று நின்றெழில் பகரின்
நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன
இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச்
சிறிய வாகப் பெரியோன்

முதல் நான்கு அடியும் பிரம்மாண்டம். அண்டங்களின் உருண்டைகள், அளக்க முடியாத காட்சி, நூற்றொரு கோடிக்கும் மேல். இன்று தொலைநோக்கிப் படங்களைக் காட்டும் எவரும் இப்படித்தான் தொடங்குவார்கள்: இத்தனை கோடி விண்மீன், இத்தனை கோடி அண்டம். ஐந்தாம் அடியில் எல்லாம் தலைகீழாகிறது. வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசு. அத்தனை அண்டமும் அந்தத் தூசாகத் தெரியும்படி பெரியவன் அவன். கோடிகளைக் கேட்டபோது வராத ஒன்று, கூரை ஓட்டைவழி வரும் வெயிலில் தூசு பார்த்த ஞாபகம் எழுந்தவுடன் வந்துவிடுகிறது. அண்டங்களை இன்னும் கோடியால் பெருக்கியிருந்தால் நாம் ‘அப்படியா’ என்று கேட்டுக்கொண்டிருந்திருப்போம். அவர் சுருக்கிவிட்டார். அளக்க எதுவும் மிஞ்சவில்லை.

அந்தப் பாட்டு அங்கே நிற்பதில்லை. இவ்வளவு பெரியவன் இறுதியில் ‘தடக்கையின் நெல்லிக்கனி எனக்கு ஆயினன்’ என்று உள்ளங்கைக்குள் வந்துவிடுகிறான். உடனே ‘சொல்லுவது அறியேன்’ என்கிறார். காண்டின் மனிதன் நிமிர்கிறான், இவர் உருகுகிறார். இரண்டிலும் உள்ளே விரிவு நடக்கிறது. ஆனால் இங்கே யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. நெல்லிக்கனி கையில் இருக்கிறது, பேச வாய் வரவில்லை. உன்னதத்தின் இந்த வகையை ஐரோப்பிய விளக்கங்கள் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

தொல்காப்பியம் இதற்கு முன்பே வழி விட்டிருக்கிறது. மெய்ப்பாட்டியலில் மருட்கை, அதாவது வியப்பு, எதனால் பிறக்கும் என்று நான்கு காரணம் சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பெருமைக்குப் பக்கத்திலேயே சிறுமை. பர்க்கின் நூலிலும் மிகச் சிறியதைப் பற்றி ஓரிடத்தில் பேச்சு வருகிறது, ஆனால் போகிற போக்கில்தான். தொல்காப்பியத்தில் இரண்டுக்கும் ஒரே ஆசனம். கல்வி, தறுகண், புகழ், கொடை இவற்றால் வரும் பெருமிதத்தை அது வேறு மெய்ப்பாடாக வைத்துவிடுகிறது. பெருமிதமும் மருட்கையும் வெவ்வேறு என்று அறிந்திருந்த மரபு இது.

மாணிக்கவாசகரின் தூசு 1990-இல் ஒரு புகைப்படத்தில் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 விண்கலம், வானியலாளர் கார்ல் சேகனின் வற்புறுத்தலால், சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பி பூமியைப் படமெடுத்தது. படம் மங்கல், புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒளிக்கற்றை ஒன்றின் நடுவே பூமி ஒரு பிக்சல் அளவுகூட இல்லை. சேகன் பிறகு அதைச் சூரியக் கதிரில் தொங்கும் தூசு என்றே எழுதினார். இதோடு நிலவுக்கு மனிதரைக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டை வைத்துப் பாருங்கள். 363 அடி உயரம், புறப்படும்போது எழும் நெருப்பும் இடியும். மனிதன் செய்த பிரம்மாண்டங்களில் அதை மிஞ்ச ஒரு சிலதான் உண்டு, எனக்கும் அதைப் பார்க்கச் சலிப்பதில்லை. ஆனால் அந்த மங்கலான புள்ளியைப் பார்த்த பிறகு மனிதர்கள் தங்களைப் பற்றி யோசித்த விதம் வேறு. நம் வரலாறு முழுவதும், எல்லா அரசும் எல்லாப் போரும், அதற்குள்தான் நடந்தன என்று புரியும்போது உடம்பு ஒருமுறை ஆடிப்போகிறது. அதை இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க முடிந்ததும் அந்தப் புள்ளிக்குள் இருக்கும் நாம்தான் என்ற நினைப்பு கூடவே வருகிறது.

பிரம்மாண்டம் மட்டம் என்று சொல்கிறேனோ என்று தோன்றினால், அப்படி இல்லை. நல்ல பிரம்மாண்டம் மதிக்கவேண்டியது. அதில் உழைப்பு இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, பல நேரம் உன்னதத்துக்கு வாசலாகவும் இருக்கிறது. தஞ்சை விமானம் 60 அடியில் நின்றிருந்தால் கண் கணக்கைத் தவறவிட்டிருக்காது. பிரச்சினை வருவது, வாசலையே வீடு என்று நினைக்கும்போது. நம் சினிமா விளம்பரங்களில் ‘பிரம்மாண்டத் தயாரிப்பு’ என்று கோடிக்கணக்கைப் போடுகிறார்கள். கோடி என்பது செலவின் அளவு. ஆயிரம் பேர் ஆடும் காட்சியில் வராதது, ஒருவர் ஒரு வார்த்தையை விழுங்கும் காட்சியில் வருகிறது என்பது படம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

மனிதர்களிடமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். 1947 ஆகஸ்ட் 15. டெல்லியில் வரலாற்றின் மிகப் பெரிய விழாக்களில் ஒன்று நடந்தது. கொண்டாடத் தகுந்த நாள்தான். அந்த விடுதலைக்காக வாழ்ந்த காந்தி அங்கே இல்லை. கல்கத்தாவில், கலவரத்தால் காயம்பட்ட பெலியாகட்டா பகுதியில் ஒரு வீட்டில் உண்ணாநோன்பு இருந்து, நூல் நூற்று, பிரார்த்தனை செய்தார். அந்த மாதம் மவுண்ட்பேட்டன் அவருக்கு எழுதிய கடிதத்தில், பஞ்சாபில் 55,000 படைவீரர்கள் இருந்தும் பெருங்கலவரம் நடக்கிறது, வங்காளத்தில் நம் படை ஒரே ஒரு மனிதர், அங்கே கலவரம் இல்லை என்றார். சில நாளில் அங்கும் மீண்டும் வன்முறை வெடித்தது என்பதையும் சொல்லவேண்டும். செப்டம்பர் 1-ஆம் தேதி காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 4-ஆம் தேதி இரு சமூகத்தின் தலைவர்களும் எழுதிக் கொடுத்த உறுதிமொழியின் பேரில் முடித்தார். எண்ணிக்கை இல்லாமல் ஒரே எண்ணத்தில் முழுசாக இருப்பது என்று லாங்கினஸ் பேச்சுக்கலை பற்றிச் சொன்னது ஒரு 77 வயது உடம்பில் நடந்தது.

கடைசியாக, நீங்களே பிரித்துப் பார்க்க ஒரு சோதனை. இதுவும் லாங்கினஸ் தந்ததுதான். ஒன்றைப் பலமுறை கேட்ட பிறகும், அனுபவமுள்ள ஒருவருக்கு அது யோசிக்க ஏதாவது மிச்சம் வைத்தால் அது உன்னதம்; கேட்கக் கேட்கச் சுருங்கிப்போனால் இல்லை. பிரம்மாண்டத்துக்கு முதல் முறைதான் பெரிய முறை. இரண்டாவது தடவை அதைவிடப் பெரியது ஒன்று வேண்டியிருக்கிறது. அதனால்தான் சிலைகளும் கோபுரங்களும் ஒன்றையொன்று சில அடிகளால் முந்திக்கொண்டே இருக்கின்றன. ‘இன்று போய், போர்க்கு நாளை வா’ என்ற வரியைச் சின்ன வயதிலிருந்து பட்டிமன்றத்திலும் பாடப்புத்தகத்திலும் கேட்டுத் தேய்ந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அதற்கு முந்தைய பத்துப் பாட்டிலிருந்து தொடங்கி, அடுத்த படலத்தின் முதல் சில பாட்டுவரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.